யாருடைய தோல்வி யார் கணக்கில்? கால்பந்துப் பயிற்சியாளர் விவாதமும் ‘தகுதி’ என்னும் சொல்லும்

பூரணாங்குப்பத்தில் மாலை வெயில் தாழ்ந்ததும் பந்து உருளத் தொடங்கும். இருட்டியபின் விளையாட்டு நின்று விவாதம் தொடங்கும். 2025 ஜூலையில் அந்த விவாதம் ஒரே பொருளைச் சுற்றிச் சுழன்றது. இந்தியக் கால்பந்து அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார்? “வெள்ளைக்காரன் வந்தாதாண்ணே டீம் உருப்படும். நம்ம ஆளுக்கு என்ன தெரியும்?” என்றார் ஒரு கல்லூரி மாணவர். “நம்ம ஆளுக்கு எப்ப வாய்ப்புக் குடுத்தாங்க, தெரியுமா தெரியாதான்னு சொல்ல?” என்று சீறினார் மற்றொருவர். அங்கேயே காலனிப் பிள்ளைகளுக்கு ஊதியமின்றிப் பயிற்சியளிக்கும் இளைஞர் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் தனியே கேட்டார்: “யார் வந்தா என்னண்ணே, நமக்கு டி லைசென்ஸ் எப்படிக் கிடைக்கும்?”

முதல் இரண்டு குரல்களும் நாடெங்கும் கேட்டவை. மூன்றாவது குரலைக் கேட்டவர் அரிது. இக்கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியிலிருந்து முதல் இரண்டையும் பார்க்க முயல்கிறது. ‘நம்ம ஆள்’ என்று சொல்லும்போது அந்த ‘நாம்’ யார் என்பதே இங்கு அடிப்படைச் சிக்கல்.

நடந்தது என்ன

2024 ஜூனில், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுத் தோல்விக்குப் பின் குரோவேஷியரான இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். ஒப்பந்தக் காலம் முடியுமுன் நீக்கியதற்காக அவருக்கு 4 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு தர அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அடுத்து வந்த ஸ்பானியர் மனோலோ மார்க்கெஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று, 2025 ஜூலைத் தொடக்கத்தில் விலகினார். அம்மாத உலகத் தரவரிசையில் இந்தியாவின் இடம் 133.

அந்தப் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தன. பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் சாவியும் விண்ணப்பித்தார் என்ற செய்தி சில நாட்கள் நாட்டையே மயக்கியது. சாவி, பெப் கார்டியோலா ஆகியோரின் பெயரில் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று பின்னர் கூட்டமைப்பே அறிவித்தது. இறுதிப் பட்டியலில் மூவர் நின்றனர்: காலித் ஜமில், ஏற்கெனவே இருமுறை இந்திய அணிக்குப் பயிற்சியளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெபான் டார்கோவிச். ஆகஸ்ட் 1 அன்று காலித் ஜமில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011-12இல் சாவியோ மெதெய்ரா வகித்த அப்பதவி, 13 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓர் இந்தியரிடம் வந்தது.

பட்டியலைச் சுருக்கிய தொழில்நுட்பக் குழுவின் தலைவர் ஐ.எம். விஜயன். திருச்சூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றுத் தன் குடும்பத்துக்கு உதவிய சிறுவன், அதே ஆட்டத்தின் இந்திய அணித்தலைவராகி, நாட்டின் பயிற்சியாளரைத் தெரிவுசெய்யும் இருக்கையிலும் அமர்ந்தார். மகிழத்தக்க காட்சி இது. ஆனால் தனிமனிதர் ஒருவரின் வியத்தகு உயர்வை வைத்து வழி திறந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது நம் சமூகத்தின் பழைய தந்திரம் என்பதையும் நாம் அறிவோம்.

தற்காலிகம் என்னும் தனி வாசல்

‘வாய்ப்புக் கொடுத்தார்களா’ என்று அந்த இரண்டாம் இளைஞர் கேட்டது வெறும் உணர்ச்சி அன்று. நமக்கு அருகிலுள்ள தொழில்முறை அணி சென்னையின் எஃப்சி. 2014இல் தொடங்கப்பட்ட அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர்களை வரிசையிடுங்கள்: மார்கோ மாட்டராசி, ஜான் கிரகரி, ஓவன் காயில், சாபா லாஸ்லோ, போசிதார் பாண்டோவிச், தாமஸ் பிரடாரிச், மீண்டும் ஓவன் காயில். இடையில் 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் நீக்கப்பட்டபோது, அப்பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் சையத் சாபிர் பாஷா இடைக்காலப் பொறுப்பேற்றார். பருவம் முடிந்ததும் மீண்டும் வெளிநாட்டவர் வந்தார். 2025இல்தான் கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டா முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

அந்த மிராண்டாவும் இடைக்கால வாசலின் வழியே வந்தவர்தாம். 2023இல் ஒடிசா எஃப்சிக்கு இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தபோதே சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தார். காலித் ஜமிலும் அவ்வாறே. 2016-17 பருவத்தில் ஐசால் என்னும் சிறிய அணியை ஐ-லீக் வாகையர் ஆக்கியபின்னும் இந்தியன் சூப்பர் லீக் அவரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைக்கவில்லை. 2021இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணி தடுமாறிய வேளையில் இடைக்காலப் பொறுப்பைப் பெற்று அவ்வணியை அரையிறுதிக்குக் கொண்டுசென்றார். அதன்பிறகே அவருக்கு நிரந்தரப் பொறுப்புக் கிடைத்தது. அந்த லீக்கில் அத்தகைய பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

வீடு தீப்பற்றும்போது மட்டும் சாவியை உள்ளூர்க்காரனிடம் தருவது, தீ அணைந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது: இதுவே நடைமுறை. காலித் ஜமிலின் நியமனமும் ஒரு நெருக்கடியில்தான் நிகழ்ந்தது. லீக்கின் வணிக உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் 2025 ஜூலையில் புதிய பருவம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சில கழகங்கள் தம் பணிகளையே நிறுத்தின. பணம் வற்றிய பொழுதில் ‘இந்தியத் திறமை’ நினைவுக்கு வந்தது தற்செயலா என்று ரசிகர்கள் கேட்டதில் நியாயம் உண்டு.

தோல்வியின் கணக்கு

காலித் ஜமில் வந்தபின் நடந்தவை இன்னும் கவனிக்கத்தக்கவை. ஆகஸ்ட் 29 அன்று தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று தொடங்கினார். மத்திய ஆசிய நாடுகளின் அந்தக் கோப்பையில் ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றுத் தந்தார். “பார்த்தீர்களா, நம்ம ஆள்” என்று கொண்டாடினோம். அக்டோபரில் சிங்கப்பூரிடம் மட்காவில் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றோம். உடனே பேச்சின் நிறம் மாறியது. “இந்தியப் பயிற்சியாளர் என்றாலே இதுதான்.”

ஸ்டிமாச் தோற்றபோது எவரும் “குரோவேஷியர் என்றாலே இதுதான்” என்று சொல்லவில்லை. மார்க்கெஸ் எட்டில் ஒன்று மட்டுமே வென்றபோது ஐரோப்பாவின் தகுதி கேள்விக்குள்ளாகவில்லை. அவர்களின் தோல்வி தனிமனிதத் தோல்வி. இவருடைய தோல்வி இனத்தின் தோல்வி. ஒருவரின் பிழை அவர் பெயரோடு முடிகிறதா, அல்லது அவர் பிறந்த கூட்டத்தின் மீது எழுதப்படுகிறதா என்பதைக் கொண்டே அதிகாரம் யாரிடம் உள்ளது என்று கண்டுவிடலாம்.

இந்தக் கணக்கு முறையைத் தலித் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு தலித் மருத்துவர் தவறிழைத்தால் ‘இடஒதுக்கீடு’ குற்றவாளிக் கூண்டில் நிற்கும். பிறர் தவறிழைத்தால் அது ‘மனிதப் பிழை’. ஆடுகளமும் இதற்கு விலக்கன்று. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் அச்சாதனை புரிந்த முதல் இந்தியப் பெண் ஆனார் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா. சில நாட்களில் அரையிறுதியில் அணி தோற்றதும், ஹரித்வார் அருகே அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் மிகுந்ததால்தான் தோற்றது என்று சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர். மூன்று கோல்கள் நாட்டின் கணக்கில். ஒரு தோல்வி சாதியின் கணக்கில்.

ஆகவே, வெள்ளைக்காரனை வேண்டும் இளைஞரிடமும் இந்தியனை வேண்டும் இளைஞரிடமும் நான் சொன்னது ஒன்றே. நாடாக நாம் உலகின் முன் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறோமோ, அதே இடத்தில்தான் இந்நாட்டுக்குள் நம் மக்களும் நிறுத்தப்படுகிறார்கள். ‘இந்தியனுக்கும் தகுதி உண்டு, வாய்ப்பு இல்லாததே குறை’ என்று அழகாக வாதிடும் பலர், அதே வாக்கியத்தில் ‘இந்தியன்’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தலித்’ என்று வைத்தால் வாயடைத்துப் போகிறார்கள்.

தகுதி என்பது அறிவியல் அளவுகோல் என்று நம்புவோர்க்கு ஒரு நினைவூட்டல். 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டங்களுக்குமுன் அன்றைய பயிற்சியாளர் வீரர்களின் பட்டியலை ஒரு சோதிடருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார் என்று 2023 செப்டம்பரில் ஆங்கில நாளேடு ஒன்று வெளிப்படுத்தியது. சோதிடருக்குக் கூட்டமைப்பே பணம் கொடுத்ததாகவும் அச்செய்தி கூறியது. ஐரோப்பிய உரிமமும் இந்தியச் சாதகமும் கைகோத்த அந்தத் தேர்வில் ‘தகுதி’ எங்கே உட்கார்ந்திருந்தது?

கை வேண்டும், தலைமை வேண்டாம்

உழைக்கும் உடலை ஏற்றுக்கொண்டு, கட்டளையிடும் தலைமையை மறுப்பது இந்திய விளையாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் ஆங்கிலேயரின் கழக மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளராக இருந்து, பயிற்சியின்போது அவர்களுக்குப் பந்துவீசியே தேர்ந்தவர். இந்துக்கள் அணிக்கு அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தியபின்னும் அணித்தலைமை அவருக்கு மறுக்கப்பட்டது. 1920இல் அவரைத் தலைமைக்குப் புறக்கணித்தபோது தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினர். அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகவே 1923இல் விட்டல் அணித்தலைவரானார்.

பாலு பின்னாளில் அரசியலில் அண்ணல் அம்பேத்கருக்கு எதிரே நின்றவர். 1937 தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அவரிடம் தோற்றவர். அந்த முரணை மறைக்கத் தேவையில்லை. ஆயினும், தலைமை கருணையால் வரவில்லை, மறுப்பால் வந்தது என்ற பாடம் அவர் குடும்பத்தின் வரலாற்றில் உண்டு. இன்றைய கால்பந்தில் அணித்தலைவரைவிடப் பெரிய கட்டளையாளர் பயிற்சியாளர். யார் ஆட வேண்டும், யார் அமர வேண்டும் என்பதை அவரே முடிவுசெய்கிறார். எனவேதான் பாலுவுக்கு மறுக்கப்பட்டதன் இன்றைய முகவரி அந்த இருக்கை.

ஏணியின் முதற்படி

இந்தியன் சூப்பர் லீக்கில் தலைமைப் பயிற்சியாளராக ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ‘புரோ’ உரிமம் அல்லது அதற்கு நிகரானது வேண்டும். அதற்குக் கீழே டி, சி, பி, ஏ எனப் படிகள். ஒரு படியில் போதிய காலம் பணியாற்றியே அடுத்த படிக்குச் செல்ல இயலும். பயிற்சியளிப்பவருக்குக் கல்வி வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. கல்வியை முதலில் வைத்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். கேள்வி, அந்தக் கல்விக்கு விலை என்ன, மொழி எது, வகுப்பு எங்கே என்பதுதான்.

பூரணாங்குப்பத்து இளைஞர் பகலில் ஒரு கிடங்கில் கூலிவேலை செய்கிறார். உரிமப் பயிற்சி முகாமுக்குச் செல்வதென்றால் கட்டணம், பயணம், தங்குமிடம் மட்டுமன்றி அந்நாட்களின் கூலியும் போகும். மேற்படிகளுக்குச் செல்லச் செல்ல ஆங்கிலமே பயிற்றுமொழி. ஒரு தனியார் பள்ளி அவரைச் சில மாதங்கள் பயிற்சியாளராக வைத்திருந்து, உரிமம் இல்லை என்று அனுப்பிவிட்டது. அவர் பழக்கிய பிள்ளைகள் அப்பள்ளிக்காகத் தொடர்ந்து ஆடினார்கள். இவர் ஒருநாள் சாவியையோ காலித் ஜமிலையோ மிஞ்சுவார் என்று நான் சொல்லவில்லை. அதை அறியும் வழியே அடைக்கப்பட்டிருக்கிறது என்கிறேன். 170 விண்ணப்பங்களில் இவரைப் போன்றோர் இல்லாததற்குக் காரணம் 2025 ஜூலையில் இல்லை. பல ஆண்டுகளுக்குமுன் ஏறாமல் விட்ட முதற்படியில் இருக்கிறது.

1951லும் 1962லும் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் இந்தியாவுக்குப் பெற்றுத் தந்தவர் ஐதராபாத்தின் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரகீம். அதன்பின் காவல்துறை, இரயில்வே, வங்கி போன்ற அரசுத்துறை அணிகளே ஏழை வீட்டு ஆட்டக்காரனுக்குச் சோறிட்டன. விஜயனைப் பதின்வயதிலேயே சேர்த்துக்கொண்டது கேரளக் காவல்துறை அணி. சாபிர் பாஷா ஆடியது இந்தியன் வங்கி அணியில். அங்கே விளையாட்டு முடிந்தபின்னும் வேலை இருந்தது; வேலை இருந்ததால் பயிற்சியாளராகக் கற்கவும் காலம் இருந்தது; அரசுப் பணி என்பதால் இடஒதுக்கீட்டுச் சட்டம் வாசல்வரையேனும் வந்தது. தனியார் கழகங்களின் காலத்தில் துறை அணிகள் ஒளியிழந்தன. ஆட்டம் பளபளப்பானது, அரசமைப்பின் கை எட்டும் தொலைவிலிருந்து அது விலகிச்சென்றது. ‘குட்டி பிரேசில்’ என்று புகழப்படும் வியாசர்பாடியிலிருந்து லீக்குக்கு வீரர்கள் சென்றார்கள். அதே வியாசர்பாடியிலிருந்து லீக் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் எவரும் இன்றுவரை செல்லவில்லை.

அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் செய்தது

இதே சிக்கலை அமெரிக்கக் கறுப்பின மக்கள் சட்ட மொழியில் எழுப்பினர். அமெரிக்கப் பாணிக் கால்பந்து லீக்கில் வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர்; தலைமைப் பயிற்சியாளர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கோர். 2002இல் ஜானி காக்ரன், சைரஸ் மேரி என்ற இரு வழக்கறிஞர்கள், கறுப்பினப் பயிற்சியாளர்கள் மிகுதியாக வென்றும் கடைசியில் அமர்த்தப்பட்டு முதலில் நீக்கப்படுகிறார்கள் என்பதைப் புள்ளிவிவரங்களோடு அறிக்கையாக்கி, வழக்குத் தொடுப்போம் என்றனர். 2003இல் ‘ரூனி விதி’ பிறந்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் நேர்காணல் செய்தாக வேண்டும் என்றது அன்றைய விதி. அதே ஆண்டு விதியை மீறியதற்காக டெட்ராய்ட் அணியின் தலைவருக்கு 2 லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

ஆனால் விதி தந்தது நேர்காணலை மட்டுமே, வேலையை அன்று. 2022 பிப்ரவரியில் பிரையன் ஃப்ளோரஸ் என்ற பயிற்சியாளர் தொடுத்த வழக்கு அதை அம்பலமாக்கியது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்து முடித்தபின், விதியை நிறைவுசெய்யவே தன்னை அழைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நேர்காணல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ‘தகுந்தவர் இல்லை’ என்று எழுதி நம் பணியிடங்களை நிரப்பாமல் விடும் பல்கலைக்கழகங்களை அறிந்த நமக்கு, ஃப்ளோரசின் மனுவைப் படிக்க மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

நம் கையில் உள்ள சட்டம்

அரசமைப்பின் 16(4) ஆம் உறுப்பு அரசின் பணிகளுக்கு உரியது. விளையாட்டுக் கூட்டமைப்புகள் அந்த வரையறைக்குள் எளிதில் வரமாட்டா. கிரிக்கெட் வாரியம் 12 ஆம் உறுப்பின்படி ‘அரசு’ அன்று என 2005இல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பொதுக்கடமை ஆற்றும் அமைப்பு என்பதால் 226 ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வழியுண்டு என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், கூட்டமைப்புகளின் செயற்குழுவில் குறைந்தது 4 பெண்களும் சிறப்பிடம் பெற்ற 2 வீரர்களும் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கது. பட்டியலினத்தவர்க்கோ பழங்குடியினர்க்கோ ஓர் இடமும் அதில் இல்லை. இதைக் குறித்து நாடாளுமன்றத்திலோ ஊடகத்திலோ எழ வேண்டிய அளவுக்குக் குரல் எழவில்லை, நாமும் எழுப்பவில்லை.

ஆகவே ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு படி உரிமத்திலும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர்? அரசு நிதி பெறும் கூட்டமைப்பிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதைக் கேட்கலாம். ‘அத்தகைய விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்ற விடை வந்தால் அதுவும் நமக்கு ஒரு சான்றாவணமே.

இரண்டாவது, நிதி. பட்டியலினத்தவர்க்கான சிறப்புக்கூறு நிதியிலிருந்து உரிமக் கட்டணத்தோடு பயணச் செலவையும் முகாம் நாட்களின் கூலி இழப்பையும் புதுச்சேரி அரசு ஏற்க வேண்டும். 15(4) ஆம் உறுப்பு இதற்குத் தடையற்ற அதிகாரம் தருகிறது. ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகம் தொழிற்கடன் தருவதைப் போலவே இதையும் ஒரு தொழிற்கல்வியாகக் கருதலாம்.

மூன்றாவது, மொழியும் இடமும். தொடக்கநிலை உரிமப் பயிற்சிகள் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தோடு நின்றுவிடாமல் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கும் வர வேண்டும். தமிழில் நடக்க வேண்டும்.

நான்காவது, திடல். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது 15(2) ஆம் உறுப்பு. கிணற்றுக்கும் குளத்துக்கும் பொருந்துவது விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும். ‘ஊர்ப் பையன்கள் ஆடும் நேரம்’ என்று காலனிப் பிள்ளைகளை ஓரங்கட்டும் வழக்கம் எங்கிருந்தாலும் அது சட்டமீறல் என்பதை எழுத்தில் பதிவுசெய்யுங்கள்.

ஐந்தாவது, தெரிவில் வெளிப்படைத்தன்மை. பொதுப்பணத்தில் கட்டிய அரங்குகளைப் பயன்படுத்தும் தனியார் கழகங்களிடம், அவ்வுரிமத்தின் நிபந்தனையாகவே, உதவிப் பயிற்சியாளர், இளையோர் அணிப் பயிற்சியாளர் பதவிகளுக்கான விளம்பரத்தையும் நேர்காணல் பட்டியலின் சமூக விவரத்தையும் வெளியிடக் கோரலாம். சென்னை ஜவாகர்லால் நேரு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சொத்து. கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ரூனி விதியின் குறையை அறிந்தவர்களாக, அழைத்தார்களா என்பதோடு நில்லாமல், ஏன் விலக்கினார்கள் என்பதற்கும் எழுத்து மூலமான காரணம் கேட்போம்.

காலித் ஜமில் வெல்லட்டும். தோற்றால் அவருடைய ஆட்டத் திட்டத்தை விமர்சிப்போம். அவர் பிறப்பையோ நாட்டையோ அன்று. அதே அளவுகோலை நம் தெருவுக்கும் கேட்போம். அடுத்த முறை பயிற்சியாளர் விவாதம் எழும்போது எந்த நாட்டுக்காரர் வேண்டும் என்று கேட்பவரிடம், இந்த நாட்டில் அந்த இருக்கைக்கு யாரெல்லாம் விண்ணப்பிக்கவே இயலாது என்று திருப்பிக் கேளுங்கள்.

பூரணாங்குப்பத்து இளைஞருக்காகத் தகவல் அறியும் உரிமை மனு ஒன்றை எழுதி முடித்திருக்கிறோம். மனுதாரர் அவரே. கையொப்பமிட்ட பின் அவர் கேட்டார், “பதில் வர எத்தனை நாள்ணே?” முப்பது நாள் என்றேன். திடலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். விசிலை எடுத்துக்கொண்டு போனார்.